விளக்கு லைனில் கொடுத்த அலாரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இருபத்தாறு வருடம் வயரிங் வேலை பார்த்தவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒருவன் ஃபியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியை முறுக்கி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நிற்பான். இன்னொருவன் ஷவருக்கு நேர் கீழே பிளக் பாயிண்ட் கேட்பான். சொன்னால் யார் கேட்கிறார்கள்? நான் சொன்னதைச் சொன்னபடி கேட்ட மனிதர் என் அனுபவத்தில் ஒருவர்தான். அவர் என் தங்கையின் கணவர்.

மாப்பிள்ளை டைல்ஸ் ஒட்டுகிறவர். வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம், தளம் மட்டமா என்று பார்க்கிற கருவி. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு மேசை விளிம்புக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கை வைப்பார். ஒரு தடவை சொன்னால் போதும், மறு தடவை சொல்ல வேண்டியதில்லை. என் தங்கைக்கு அதில்தான் எரிச்சல். "நான் நாலு தடவ கத்தினாலும் காதுல ஏறாது. எங்கண்ணன் முனகினா போதும், அது சட்டம்" என்பாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "மச்சான் கரண்டுக்காரர். அவர் பேச்சைக் கேக்கலன்னா ஷாக் அடிக்கும்" என்பார்.

போன வருடம் அவருக்கு மலைமேல் ஒரு வேலை கிடைத்தது. பெரிய ஹோட்டல் கட்டிடம், நூற்றிருபது குளியலறை, குளிர்காலம் முழுக்க வேலை. ஆனால் ஆட்கள் தங்குகிற கொட்டகை நிரம்பிவிட்டது, இடம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையிடம் ஒரு மூடின டிரெய்லர் இருந்தது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற தகரப் பெட்டி. டைல்ஸ் வெட்டும் மிஷின், பசை மூட்டை, வாளி எல்லாம் அதில்தான் கிடக்கும். அதிலேயே ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

தங்கை என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, அது பனி கொட்டுற இடம். அந்தத் தகர டப்பாவுல படுத்தா காலைல கட்டையாத்தான் எடுக்கணும். போகாதீங்கன்னு சொன்னா நகர மாட்டேங்கறார். நீ ஏதாவது பண்ணு."

"அழாத. ஒரு குறையும் இல்லாம அவரைத் திருப்பிக் கொண்டு வந்து உங்கிட்ட விடறது என் பொறுப்பு. போதுமா?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பன்னிரண்டு நாள் அந்த டிரெய்லருக்குள் கிடந்தோம். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே விரற்கடை கனத்துக்குத் தெர்மாகோல் அட்டை வெட்டி அடைத்தோம். காற்றுக்கென்று கூரையில் ஒரு ஓட்டை மட்டும் விட்டுவிட்டு, சந்து பொந்து எல்லாவற்றையும் நுரை அடித்து மூடினோம். மாப்பிள்ளை அட்டை வெட்டினால் பிளேடு நுழைய இடம் இருக்காது, அத்தனை நெருக்கம். கட்டிலுக்குக் கீழே இரண்டு பெரிய பேட்டரி. கூரையில் சோலார் தகடு. வெளியே ஒரு சாக்கெட், சைட்டில் ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில் கேபிளைச் சொருகிக்கொள்ள. உள்ளே இரண்டு விளக்கு, செல்போன் சார்ஜர், கெட்டில் போட ஒரு இன்வர்ட்டர்.

சூட்டுக்கு டீசல் ஹீட்டர். லாரி டிரைவர்கள் படுக்கிற இடத்தில் வைப்பார்களே, அதுதான். உள்ளே சூடான காற்று வரும், புகை மட்டும் ஒரு இரும்புக் குழாய் வழியாகத் தரைக்குக் கீழே போய்விடும். இந்த ஹீட்டருக்கு ஒரு குணம் உண்டு. சூடாக இருக்கும்போது சட்டென்று கரண்டைப் பிடுங்கினால் விசிறி நின்று, உள்ளேயே வெந்து கெட்டுப்போகும். அதனால் அதை மட்டும் மெயின் ஸ்விட்ச் பக்கம் கொண்டு போகாமல், தனி ஃபியூஸ் போட்டு நேராகப் பேட்டரியில் கொடுத்தேன். அரைகுறை ஆட்கள் இதைத்தான் கோட்டை விடுவார்கள். நான் விடவில்லை. அதில் எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? அதை மாப்பிள்ளைக்கு மூன்று தடவை விளக்கிச் சொன்னேன்.

விஷப்புகை வந்தால் கத்துகிற அலாரமும் வைத்தேன். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவனை அப்படியே கொண்டுபோய்விடும். சின்ன பேட்டரி போடுகிற அலாரம் வேண்டாம் என்றேன். டிவி ரிமோட்டுக்கு வேண்டுமென்று அதைக் கழற்றுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வயரில் ஓடுகிறதாக வாங்கி, எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி விளக்கு லைனில் கொடுத்தேன். விளக்கு, சார்ஜர், இன்வர்ட்டர், அலாரம் எல்லாம் ஒரே மெயின் ஸ்விட்சுக்குக் கீழே வந்தன. பட்டனை அமுக்கிப் பார்த்தோம். காது கிழிகிற சத்தம். மாப்பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "உங்க தங்கச்சி குரல் மாதிரியே இருக்கு மச்சான்" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

கிளம்புகிற அன்று வண்டிப் பக்கம் நின்று கடைசியாக ஒன்று சொன்னேன்.

"மாப்ள, சைட்ல ஆறு மணிக்கு ஜெனரேட்டர நிறுத்திடுவாங்க. அப்புறம் விடியற வரைக்கும் பேட்டரிதான். குளிர்ல பேட்டரிக்குப் பாதி பலம்தான் இருக்கும். இன்வர்ட்டர் சும்மா கிடந்தாலே கரண்ட்டத் தின்னும். அதனால படுக்கும்போது மெயின ஆஃப் பண்ணிடுங்க. ஹீட்டர் பாட்டுக்கு ஓடும், நேர் லைன்ல குடுத்திருக்கேன். மறந்துட்டீங்கன்னா விடியறதுக்குள்ள பேட்டரி இறங்கி, ஹீட்டர் நின்னு, விறைச்சுப் போயிடுவீங்க."

"மெயின் ஆஃப் பண்ணிட்டுப் படுக்கணும். சரி மச்சான்" என்றார். பிறகு ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆறு வாரம் ஓடியது. வெளியே பல் கிட்டுகிற குளிர், உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கிறேன் என்று போனில் சொன்னார். தங்கை எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்தாள். நான் தலைகால் தெரியாமல் இருந்தேன்.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஒரு புது வீட்டில் வயரிங் முடித்துப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டம்மா எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். "புகை அலாரத்துக்குத் தனியா ஒரு ஸ்விட்ச் வைக்காம ஏன் விளக்கு லைன்ல குடுத்தீங்க?" என்று கேட்டார்.

எனக்கு மனப்பாடமான பதில். எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன். "தனி லைன்னா யாராவது ஆஃப் பண்ணிட்டு மறந்துடுவாங்கம்மா. விளக்கு லைன்னா அப்படி விட முடியாது, வீடு இருட்டாயிடும்ல? உடனே போட்டுடுவாங்க. ராத்திரில மெயின ஆஃப் பண்ணிட்டு யாரும் படுக்கறதில்ல, அதனால..."

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. "என்னங்க, தண்ணி வேணுமா?" என்று அந்த அம்மா கேட்டது எங்கோ கேட்டது. நாற்பது ராத்திரி. நாற்பது ராத்திரியும் அவர் மெயினை அணைத்துவிட்டு, அலாரத்தையும் சேர்த்து அணைத்துவிட்டு, ஹீட்டரை மட்டும் ஓடவிட்டுப் படுத்திருக்கிறார். நான் சொன்னதால்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. வேலையில் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கைக்குப் போட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "மாப்ள பேசினாரா?" என்றேன்.

"நேத்து சாயங்காலம் பேசினார். அங்க ரெண்டு நாளா செம பனியாம், முட்டி வரைக்கும் கொட்டிக் கிடக்காம். இன்னிக்கி வேல இல்ல, நல்லாத் தூங்கப் போறேன்னார். ஏண்ணே?"

"சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். முட்டி வரைக்கும் பனி என்றால் டிரெய்லருக்குக் கீழே இருக்கிற புகைக்குழாய் வாய் மூடியிருக்கும், வெளியேற வழியில்லாமல் புகை உள்ளேதான் திரும்பும். கூரையில் காற்றுக்கு என்று விட்டிருந்த ஒரே ஓட்டையும் மூடியிருக்கும். மற்ற எல்லாச் சந்துகளையும் நாங்களே நுரை அடித்து அடைத்திருந்தோம்.

சைட் ஆபீசுக்குப் போட்டேன். சூப்பர்வைசர் எடுத்தார். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"டைல்ஸ்காரரா? பின்னாடிதான் டிரெய்லர் நிக்குது. கதவு சாத்தியிருக்கு. லீவு நாள்ல மனுஷன் தூங்கட்டுமே."

"கதவ உடைங்க" என்றேன்.

"என்னது?"

"கதவ உடைங்கய்யா! உள்ள புகை. ஆள் செத்துட்டு இருக்கார்."

"புகையெல்லாம் ஒண்ணும் தெரியலயே..."

"தெரியாதுய்யா! கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது! உன் கால்ல விழறேன், போய் உடை!"

நான் யார் காலிலும் விழுகிறவன் இல்லை. அந்த வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் போனை வைக்காமலே நடந்தார். பனியில் கால் புதைகிற சத்தம் எனக்குக் கேட்டது. யாரையோ கூப்பிட்டார். கதவைத் தட்டினார். "என்னங்க, டைல்ஸ்காரரே!" என்றார். மறுபடி தட்டினார். இந்தத் தடவை அவர் குரல் மாறியிருந்தது. கடப்பாரை கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். அந்தக் கதவுக்கு நல்ல கெட்டியான தாழ்ப்பாள் நான்தான் போட்டிருந்தேன். அது பெயர்ந்து வர நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

"இழு, வெளிய இழு" என்று யாரோ சொன்னது கேட்டது. "மூச்சு இருக்கு" என்று சூப்பர்வைசர் சொன்னபோது நான் தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். அவர் பிழைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

உயிர் பிழைத்தார். அதற்கு மேல் டாக்டரால் ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூளை ரொம்ப நேரம் காற்றில்லாமல் தவித்திருக்கிறது என்றார். பேச்சு வருகிறது, ஆளைத் தெரிகிறது, கை கால் அசைகிறது. ஆனால் தானாக எதையும் தொடங்குகிற சக்தி போய்விட்டது. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார், சொல்லாவிட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். தட்டு கோணலாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுகிறார். நான் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவேன்.

சைட்டிலிருந்து வந்தவர்கள் தங்கையிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மெயின் ஸ்விட்ச் ஆஃப் ஆகி இருந்ததாம், அலாரத்தை அவரே அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறாராம். அன்றிலிருந்து அவள் ஆற்றாமை எல்லாம் அவர் மேல்தான். துடைத்துவிடுவாள், ஊட்டிவிடுவாள், திட்டிக்கொண்டே இருப்பாள். "எங்கண்ணன் பாத்துப் பாத்து வச்சுக் குடுத்தத அணைச்சுட்டுப் படுத்தீங்களே! நாலு காசு கரண்ட்ட மிச்சம் பிடிச்சு என்னத்தக் கண்டீங்க?" அவர் அவளையே பார்ப்பார். நான் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பத்தொன்பது நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அவளுக்குப் பயந்தேன். அதுதான் உண்மை, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இருபதாம் நாள் மத்தியானம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப் போகாமல் இருக்கட்டும் என்று, "எழுந்து கொஞ்சம் நில்லுங்க மாப்ள" என்றேன். உடனே எழுந்து நின்றார். தங்கை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். போடும்போதே ஆரம்பித்தாள். "பொத்தான்கூட நான்தான் போடணும். ஒரு ஸ்விட்ச்ச சும்மா விட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

"அவரைத் திட்டாத" என்றேன். "நான்தான் அணைக்கச் சொன்னேன்."

அவள் திரும்பவில்லை.

"படுக்கும்போது மெயின ஆஃப் பண்ணுங்கன்னு சொல்லி அனுப்பினதே நான்தான். அலாரமும் அதே லைன்ல இருந்தது. நான்தான் அப்படிக் குடுத்தேன். எனக்கு அது தோணவே இல்லம்மா. வீட்டுல செய்ற மாதிரியே செஞ்சுட்டேன்."

பொத்தானில் இருந்த அவள் விரல்கள் நின்றன. என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கி காலைலயே."

"அப்ப இத்தன நாளா நான் இவரத் திட்டுறத நின்னு கேட்டுக்கிட்டு இருந்தியா?"

அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள், அவர் காலரைச் சரிசெய்தாள்.

"இனிமே இவருகிட்ட நீ எதுவும் சொல்லாதண்ணே" என்றாள். "நீ சொன்னா இவர் செஞ்சுடுவார்."

சொல்லிவிட்டு மருந்து வாங்குகிற சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அறையில் நானும் மாப்பிள்ளையும் மட்டும் இருந்தோம். நான் நிற்கச் சொன்ன இடத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உக்காரட்டுமா மச்சான்?" என்று கேட்டார்.