உப்பு போட்ட பிறகு ஏறிய நீலம்

பழைய பேட்டரிகளைக் கரைத்து உலோகம் பிரிக்கும் பட்டறையில் சின்னவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தது அங்கே சோதனைக்கூடம் பார்க்கும் அவள் ஓரகத்தி, பெரியவள். “இவளுக்கு நான் பொறுப்பு” என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தாள்.

காலையில் கரைசல் தொட்டியிலிருந்து அமிலப் புகை எழும்பிக் கண்ணைக் கரித்தது. பால் பொங்கினால் தண்ணீர் தெளிக்கிற புத்தி. சின்னவள் தொட்டிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மதியம் கரைசலைப் பிரிக்கும் தொட்டிக்கு மாற்றி, கோபால்ட்டைப் பிடித்திழுக்கும் அமீன் என்ற ரசாயனம் கலந்த மண்ணெண்ணெயைச் சேர்த்துக் கலக்கி அடங்கவிட்டார்கள். வழக்கமாகக் கோபால்ட் மேலே மிதக்கும் எண்ணெய்க்குப் போய் அதை நீலமாக்கிவிடும், நிக்கல் கீழேயே நிற்கும். இன்று எண்ணெய் வெளுத்துக் கிடந்தது.

“என்னடி பண்ணினே?” என்றாள் பெரியவள்.

“கொஞ்சம் தண்ணி விட்டேன்க்கா. கண்ணு எரிஞ்சுது.”

“கொஞ்சமா? தொட்டி தளும்புது! கண்ணு எரிஞ்சா கண்ணாடி போடணும்.”

“திரும்ப அமிலம் ஊத்தலாமே?”

“அமில லாரி நாளைக்குத்தான் வரும். மேனேஜர் சாயங்காலம் வர்றார். எல்லாத்தையும் கழிவுல விடும்பார், உன்னையும் சேர்த்து.”

பெரியவள் நகத்தைக் கடித்தபடி நின்றாள். பிறகு விடுவிடென்று தண்ணீர் சுத்திகரிக்கும் அறைக்குப் போய், அங்கே அடுக்கியிருந்த மூட்டையிலிருந்து ஒரு கை உப்போடு வந்தாள்.

“தண்ணி விட்டதுல அமிலத்துல இருந்த குளோரைடு நீர்த்துப்போச்சு. கோபால்ட் அதைப் போர்த்திக்கிட்டாத்தான் அமீன் அதைச் சேர்த்துக்கும். உப்புலயும் குளோரைடுதானே இருக்கு?”

கரைசலும் எண்ணெயும் கொஞ்சம் ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, உப்பைப் போட்டுக் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

முதலில் ஒரே கலங்கல். பிறகு நடுவே ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே நீலம். சாயம் இல்லை, பூச்சு இல்லை. அந்தக் கலங்கலுக்குள்ளேயே இவ்வளவு நேரமும் ஒளிந்திருந்த கோபால்ட்டின் நீலம். கீழே நிக்கலின் தெளிந்த பச்சை. கண்ணுக்கே தெரியாத கோடானுகோடித் துணுக்குகள், யாரும் வழி சொல்லாமலே, தங்கள் பக்கம் எது என்று பார்த்துப் போய்ச் சேர்ந்திருந்தன. சின்னவளுக்கு வேலை போகுமே என்ற பயம்கூட அந்த நேரம் மறந்துபோயிற்று.

“வாயை மூடுடி, புகை போயிடும்.”

உப்பை மூட்டை மூட்டையாகச் சுமந்து தொட்டியில் கொட்டினார்கள். மேனேஜர் வந்தபோது எண்ணெய் நீல மை போல இருந்தது. தண்ணீர் விட்டதைச் சின்னவளே சொன்னாள். அவர் கத்தித் தீர்த்தார்.

“இனி அமிலத் தொட்டிப் பக்கம் இவளைப் பார்க்கக் கூடாது. வேற எதையாவது கொடு.”

“நிறம் பிரியுற தொட்டியைக் கொடுங்க சார்” என்றாள் பெரியவள். “எப்படியும் அங்கதான் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கப் போறா.”