டேங்க்குல என்ன ஊத்தியிருக்கான்?

என் அப்பாவும் அண்ணனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றரை வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் தபால்காரி நான். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். அப்பா என்னிடம், "தண்ணி மோட்டாரை நிறுத்தியாச்சான்னு கேளு" என்பார். அவன் என்னிடம், "நிறுத்தியாச்சுன்னு சொல்லு" என்பான். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் ஒருமுறை சொல்லித் தொலைக்க வேண்டும்.

அப்பா மெக்கானிக். அண்ணனும் அவர் பட்டறையில்தான் வேலை பார்த்தான். ஒருநாள் அவன் பிரேக் மாட்டிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு, வண்டிக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "இவனை நம்பி வண்டியைக் குடுத்தா ஆளை மார்ச்சுவரியிலதான் போய்ப் பார்க்கணும்" என்று கத்திவிட்டார். அண்ணன் ஸ்பானரைக் கீழே வைத்தவன்தான். வேறு பட்டறையில் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நாளில் அப்பாவும் இடுப்பு வலியில் கடையை மூடிவிட்டார். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் தலையிலும் நறுக்கென்று குட்டிச் சேர்த்துவைத்திருப்பாள். எனக்குக் கத்தத்தான் தெரியும். என் கத்தலை இந்த வீட்டில் யார் மதித்தார்கள்?

அப்பாவின் பழைய பைக் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. என்ன ஆசை வந்ததோ, போன மாதம் அதை வெளியே எடுத்து உதைத்தார். தெருமுனை வரை போய் நின்றுவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், டேங்க்குக்குள் செங்கல் பொடி மாதிரி துரு. கார்பரேட்டரைத் துடைத்து மாட்டினார். மறுபடி அடைத்துக்கொண்டது. அதோடு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்து பார்த்தால், யாரும் கேட்காமலே அண்ணன் அந்த டேங்க்கைக் கழற்றிப் பின்பக்கத்து முற்றத்தில் வைத்திருந்தான். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அடியிலிருந்த பெட்ரோல் ஓட்டையை ரப்பரால் அடைத்து, உள்ளே ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கினான். பிறகு தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கேனிலிருந்து எதையோ நிறைய ஊற்றினான்.

கூடத்து நாற்காலியிலிருந்து அப்பா கழுத்தை நீட்டினார். "டேங்க்குல என்ன ஊத்தியிருக்கான்னு கேளு."

கேட்டேன். அண்ணன் நிமிரவேயில்லை. "மண்ணெண்ணெய்னு சொல்லு."

சொன்னேன். அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அவருடைய முறை அதுதான்: மண்ணெண்ணெயும் நட்டும் போட்டு, கை வலிக்கும் வரை குலுக்குவது. பையன் தொழிலை மறக்கவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் பெருமை. முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"கொஞ்ச நேரம் ஊறட்டும். ஒரு சாமான் வாங்கிட்டு வந்துடறேன்" என்று அண்ணன் கிளம்பினான். நான் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன்.

மேலேயிருந்து எட்டிப் பார்த்தபோது அப்பா முற்றத்தில் ஒரு காலி கேனையும் ரப்பர் குழாயையும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க? அவன் வந்து பார்த்துக்குவான்ல?"

"ஊறினது போதும்மா. நான் மண்ணெண்ணெயை வடிச்சு வெச்சா அவன் வந்ததும் அலசிடலாம். தனியா எவ்வளவுதான் மல்லுக்கட்டுவான்?"

"அதை அவன்கிட்டயே சொல்றது! வாயில என்ன கொழுக்கட்டையா?"

அப்பா சிரித்துவிட்டார். "வரட்டும், சொல்றேன்."

சொல்றேன் என்றார். என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. கையிலிருந்த ஈரத்துணியை உதறாமல் அப்படியே நின்றேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது, வெட்கமில்லாமல்.

நிறைந்த டேங்க்கைச் சாய்க்க அவர் இடுப்பு இடம் கொடுக்காது. அதனால் குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ, இத்தனை வருஷமும் அப்படித்தான் எடுப்பார். ஒரு வாய் வரும், துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார். காரமான நெடி அடித்திருக்கும்தான். ஆனால் போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு அடுப்பில் பால் தீய்ந்தாலும் அவர் மூக்குக்குத் தெரிவதில்லை.

குழாய் கீழே விழுந்தது. அப்பா தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் படியிறங்கி ஓடி வருவதற்குள் தரையில் புரண்டுகொண்டிருந்தார். வாயிலிருந்து நுரையும் ரத்தமும் வந்தது. ஐயோ, அந்தச் சத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன குடிச்சார்?" என்று கேட்டார்.

"மண்ணெண்ணெய்" என்றேன்.

"ஆசிட்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணன் மூச்சிரைக்க நின்றிருந்தான். கையில் சோடா உப்புப் பொட்டலம். ஆசிட் ஊற்றிய டேங்க்கை அதைக் கரைத்துத்தான் அலச வேண்டுமாம்.

டாக்டர் உள்ளே ஓடினார். நான் அண்ணன் சட்டையைப் பிடித்தேன். "என்கிட்ட என்னடா சொன்னே? என்ன சொல்லச் சொன்னே?"

"ஆசிட்னா அவர் குதிப்பாரு... பட்டறைப் படியேறவே விட்டதில்லை அதை. இந்த வேலை நல்லபடியா முடிஞ்சா பேசிடலாம்னு... சண்டை வேணாம்னுதான்..."

அவன் மார்பில் குத்தினேன். கை ஓயும் வரை குத்தினேன். அவன் தடுக்கவில்லை. அங்கிருந்த யாரும் வந்து எங்களைப் பிரிக்கவும் இல்லை.

தொண்டை முழுக்க வெந்துவிட்டது என்றார்கள். வயிற்றில் துளை போட்டு அது வழியாகத்தான் ஆகாரம். குரல் இனி வராது. உயிரைப் பற்றி இப்போதைக்கு எதுவும் கேட்காதீர்கள் என்றார்கள்.

சில நாள் கழித்து மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். டேங்க் முற்றத்தில் அப்படியே கிடந்தது. யாருக்கு அதன் நினைப்பு? ஆசிட் டேங்க்கின் அடிப்பக்கத் தகட்டை அரித்துத் தின்று, சிமெண்ட் தரையெல்லாம் சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது. அரித்த ஓட்டையில் என் விரல் நுழைந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வராந்தாவில் அண்ணனிடம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அப்பா கண்ணைத் திறந்தார். விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார். அண்ணன் கட்டிலுக்கு அந்தப்பக்கம்தான் நின்றிருந்தான். அப்பா அவனைக் காட்டிவிட்டு, இரண்டு கையையும் லேசாகத் தூக்கி எதையோ குலுக்குவது போல் ஆட்டினார். டேங்க் என்ன ஆச்சு என்று அவனிடம் கேட்கச் சொல்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குனிந்துவிட்டான். "சுத்தமாயிடுச்சுப்பா. உள்ள ஒரு பொட்டு துரு இல்லை. நீங்க வந்துதான் மாட்டணும்."

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். நிஜம்தானா என்று அந்தக் கண் என்னைக் கேட்டது.

"ஆமாப்பா" என்றேன்.