கூட்டுறவுக் கடைச் சுவர்

கூட்டுறவுக் கடைச் சுவரில் அந்தப் பெண் ஏணி சாத்திய நாளிலிருந்து ஆட்டுக்கார ஸ்பாசேவுக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை.

டஃபினா எல்லைக்கு அந்தப் பக்கத்து அல்பேனியக்காரி. மலையின் இரண்டு பக்கமும் திரிகிற லின்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனைகள் அற்றுப்போவதற்குள் ஊர் ஊராகச் சுவரில் வரைகிறாள். இங்கே ஒரு தாயும் இரண்டு குட்டிகளும். தாய் நிஜமானவள். நடமாட்டம் அறிய மாட்டியிருந்த கழுத்துப் பட்டையிலிருந்து வந்த சிக்னல் ஜூனில் நின்றுபோயிற்று. இந்நேரம் குட்டி போட்டிருப்பாள் என்ற நப்பாசையில்தான் குட்டிகளை வரைந்தாள்.

ஊர்க்காரர்கள் ஒன்றுதான் கேட்டார்கள்: "மேல என்ன வேணா வரைஞ்சுக்கோ. கீழே ரெண்டு முழம் செத்தவங்களுக்கு விட்டுடு." மரண அறிவிப்பு ஒட்டுகிற சுவர் அது. படம், வயது, அடியில் துக்கப்படுகிறவர்கள் பெயர்.

"ஸ்பாசே மாமா, ஆடு மேய்க்கப் போறீங்களே, அவ கண்ணுல பட்டாளா?" டஃபினா தினமும் கேட்பாள்.

"உங்க ஊர்ல மாப்பிள்ளை கிடைச்சிருப்பான், ஓடிப்போயிருப்பா."

அவள் சிரிப்பாள். பாவி மனுஷன், எப்படித்தான் வாய் வந்ததோ! ஆறு ஆட்டை ஓநாய் கடித்துப்போட்ட ஆத்திரத்தில் இறைச்சியில் விஷம் வைத்தவனே அவன்தான். ஓநாய் வரவில்லை, அந்தத் தாய் லின்க்ஸ் வந்து தின்று செத்தாள். பட்டையை ஆற்றில் வீசிவிட்டு அவளைப் புதைத்தான். சொன்னால் ஜெயில். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

சுவர்ப்படத்தின் திறப்பு விழாவுக்கு முதல் நாள் டவுன் அச்சகத்துக்குப் போனான்.

"யாரு போயிட்டாங்க?"

"எங்க மலையில ஒருத்தி."

மறுநாள் காலை டஃபினா வந்தபோது, விட்டுவைத்த இடத்தில் கறுப்புக் கட்டம் போட்ட தாள். அவள் கொடுத்திருந்த துண்டறிக்கையிலிருந்து எடுத்த லின்க்ஸின் படம். ஏழு வயது. துக்கப்படுகிறவர்: ஸ்பாசே ட்ரைகோஸ்கி. வேறு பெயர் இல்லை. பக்கத்தில் அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றான்.

"எப்படி மாமா?"

"விஷம். நான் வெச்சது. ஓநாய்க்குத்தாம்மா வெச்சேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை.

"குட்டி போட்டிருந்தாளா?"

"மடியில பால் இருந்துச்சு. மூணு நாள் தேடினேன். கிடைக்கலம்மா."

குட்டிகளுக்குக் கண் எழுதுவது மட்டும்தான் பாக்கி இருந்தது. டஃபினா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டாள். இன்றும் அந்தக் குட்டிகளுக்குக் கண் இல்லை.