பின்னால் போன முதல் சவாரி

தையற்காரியின் கணவருடைய கார் ஷெட்டிலிருந்து வெளியேறி வெயிலில் காயத் தொடங்கியபோதே, இது ஒரு வாரத்தில் முடிகிற கூத்து இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் மட்டும் அசரவில்லை. பள்ளியில் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்தாள். ஒருவன் வெல்டர். இன்னொருவன் எலெக்ட்ரீஷியன், ஒரு திருகை முடுக்கவே அரை நாள் எடுத்துக்கொள்வான் என்பதால் எல்லோரும் அவனை மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சொந்தமாக ஒரு கார் செய்ய வேண்டும் என்பது மூவருக்கும் பள்ளி நாளிலிருந்தே இருந்த பைத்தியம். வெல்டர் இரும்புக் குழாய்களை வளைத்துச் சட்டம் ஒட்டினான். மின்னல் வயரிழுத்தான். தையற்காரி தகரத்தைத் துணிபோல் வெட்டி உடம்பு செய்தாள், சீட்டும் தைத்தாள். இன்ஜின், முன்சக்கரம் இழுத்து ஓடிய ஒரு பழைய காருடையது. அதை இவர்கள் பின்பக்கம் வைத்தார்கள்.

மாமியாருக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. "வீடா இது, பட்டறையா? டமால் டமால்னு தட்டுனா மனுஷி எப்படிக் கண்ணயர்றது?" என்று ஜன்னல் வழியாகக் குரல் வரும். "இதோ முடிஞ்சுது அத்தை" என்று தையற்காரி பதில் சொல்வாள். முடியாது.

ஒருவழியாக முடிந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, தெருவே வாசலில் கூடிவிட்டது. ஆரஞ்சு வண்ணத்தில், கூரை இல்லாமல், கொழுத்த தவளை மாதிரி நின்றது கார். தையற்காரி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் முறுக்கிலேயே இன்ஜின் உறுமியது. ஆளாளுக்குக் கைதட்டினார்கள். கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டு மெல்லக் காலை எடுத்தாள்.

கார் பின்னால் போனது.

அவசரமாகப் பிரேக் அடித்தாள். பின்னால் நின்றவர் கையிலிருந்த பூந்தொட்டியோடு சுவர்மேல் ஏறியிருந்தார். கியரைத் தவறாகப் போட்டோமோ என்று இரண்டாவது போட்டாள். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தாள். கார் சாதுவாக முன்னால் நகர்ந்தது.

"முன்னால போக ஒரு கியர், பின்னால போக நாலு கியர்! நண்டுகூட இதைவிடத் தேவலாம்" என்றார் கணவர். தெரு சிரித்தது.

வெல்டருக்கு முகம் கறுத்தது. "இன்ஜினை நேரா வைப்போம்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். திருப்பி வைன்னு யாரு பிடிவாதம் பிடிச்சது?"

"நேரா வச்சிருந்தா அது பின்சீட்டு இடத்தை முழுங்கியிருக்கும்ல?"

"பின்சீட்டு எதுக்கு? நம்ம மூணு பேருதானே!"

"அத்தைக்கு முட்டி மடங்காதுடா. காலை நீட்டி உக்கார இடம் வேணாமா?" என்று கத்தியேவிட்டாள் தையற்காரி. கத்திய பிறகுதான், வாசற்படியில் மாமியார் நிற்பதைக் கவனித்தாள். காதும் கழுத்தும் சூடேறின.

கிழவி படியிறங்கி வந்தார். கார்க் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி, வலது காலை மெதுவாக நீட்டிப் பார்த்தார். இடம் தாராளமாக இருந்தது.

"ஏன் எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஏறுங்க."

"அத்தை, இது நாலு கியர்லயும் பின்னாலதான் போகும்..."

"போகட்டுமே. நான் திரும்பிப் பாத்து வழி சொல்றேன். நீ ஓட்டு."

நண்பர்கள் மூவரும் ஏறினார்கள். கழுத்தை வளைத்து வளைத்துத் தையற்காரி ஓட்ட, "இடது... இடதும்மா... அந்த சைக்கிளுக்கு வழி விடு" என்று மாமியார் ராணுவத் தளபதி மாதிரி உத்தரவு போட, ஆரஞ்சுத் தவளை தெருக்கோடி வரை புறமுதுகு காட்டியே போனது. வெல்டரின் உம்மென்ற முகம் பாதி வழியில் உடைந்தது. சிரித்த சிரிப்பில் அவனுக்கு விக்கல் எடுத்தது.

மறுநாள் கியர் பெட்டியைப் பிரித்தார்கள். மின்னல் உள்ளே இருந்த பெரிய பல்சக்கரத்தை நெடுநேரம் பார்த்தான். இன்ஜினைத் திருப்பியதால் சக்கரங்களும் தலைகீழாகச் சுற்றுகின்றன. இந்தப் பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மாற்றினால் சரியாகிவிடும் என்று, அவன் வழக்கப்படி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னான்.

"அவ்வளவுதானா? சட்டையோட வலது கையை இடப்பக்கம் தச்சுட்டோம். பிரிச்சு மாத்தணும்" என்றாள் தையற்காரி. வெல்டர் ஸ்பானரை எடுத்து அவள் கையில் கொடுத்தான். முந்தைய நாள் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கார் முன்னால் போனது. நாலு கியரிலும் போனது. ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் காற்று முகத்தில் அறைய, மாமியார் தலைமுடியைக் கட்ட முயன்று, தோற்று, விட்டுவிட்டார். பெட்ரோல் பங்கில் நிறுத்தியதும் பணியாள் காரைச் சுற்றி வந்தான்.

"எந்தக் கம்பெனி வண்டிங்க இது?"

"எங்க மருமக கம்பெனி" என்றார் மாமியார், காது கேட்காத ஆளுக்கும் கேட்கிற மாதிரி.

"சரிங்க, பெட்ரோல் மூடி எங்க இருக்கு?"

வெல்டர் வலப்பக்கம் கை காட்டினான்; அங்கே வெறும் தகரம்தான் இருந்தது. மின்னல் யோசித்தான். தையற்காரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே தேட இறங்கினாள்.