துணைக்குப் போனவள்

வேட்டிக் கரையைக் கிழித்து அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள் சுகாசினி. விடிந்ததும் காபி கேட்டவர், அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

அப்பா முனிசாமி முப்பத்தைந்து வருடம் கட்சியின் பூத் ஏஜெண்டாக இருந்தவர். அப்போதெல்லாம் பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெரு முழுக்க ஒரே சின்னத்தில் குத்தும். பிறகு வீடு வீடாக மாறியது. கடைசியில் மகன் ஆனந்தராஜே எதிர்க்கட்சிக்குப் போனான். வார்டு கவுன்சிலருக்கு நின்று, பதினொரு ஓட்டில் தோற்றான். அப்பா அவனோடு பேசுவதை விட்டே நாலு வருடமாயிற்று.

பத்து மணிக்கு அவன் வந்தான். தோளில் கட்சித் துண்டு இல்லை. வாசற்படி ஏறாமல் நின்றான்.

"உள்ள வாப்பா," என்றாள் அம்மா காந்தா. "தெருவுல உன் வண்டி சத்தம் கேட்டா சாப்பிடறத நிறுத்திடுவாரு. அது தாண்டிப் போனப்புறம்தான் அடுத்த வாய்."

அவன் வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான்.

சற்று நேரத்தில் அப்பா கட்சியின் வட்டச் செயலாளர் சிவபாலன் நாலு பேரோடு கொடி கொண்டுவந்தார். ஆனந்தராஜ் எழுந்தான்.

"எங்கப்பா மேல எந்தக் கொடியும் வேணாம்ணா."

"அவரு எங்க ஆளுப்பா. பெத்த புள்ள நின்னும் மாத்திப் போடாதவரு."

சுகாசினி அண்ணனைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

அண்ணன் நின்ற அந்தத் தேர்தலின்போது அப்பாவுக்குப் பார்வை போயிருந்தது. ஓட்டுப் போட அவருக்குத் துணைக்குப் போனவள் அவள்தான். யாருக்குப் போட்டார் என்று வெளியே சொல்லமாட்டேன் என பூத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆட்டோவில் திரும்பும்போது அப்பாவும் அதையேதான் கேட்டார்: "யார்கிட்டயும் சொல்லாதம்மா. நான் கட்சிக்காரன்."

"அண்ணா, அப்பா உனக்குத்தான் போட்டாரு. நான்தான் பட்டன அழுத்தினேன்."

அவன் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.

"இன்னா சொன்னாரு?"

"அவன் பேரு எத்தினியாவதுன்னு கேட்டாரு. மூணாவதுப்பான்னேன். என் விரல் மேல அவர் விரல வெச்சிக்கினாரு."

குழாய் திறந்தபடியே இருந்தது. வெகுநேரம் கழித்து அவள்தான் மூடினாள்.

உள்ளே சிவபாலன் மடித்த கொடியோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஆனந்தராஜ் நேராகப் போய் அதன் ஒரு முனையைப் பிடித்தான்.

"அந்தப் பக்கம் நீங்க புடிங்கண்ணா."

சிவபாலன் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிடித்தார். போர்த்தியபோது கொடி நீளம் போதவில்லை. பாதங்கள் வெளியே தெரிந்தன. ஆனந்தராஜ் குனிந்து, நெஞ்சிலிருந்து ஒரு சாண் கீழே இறக்கி, அப்பாவின் கால்களை மூடினான்.