அடைப்புக்குறிக்குள் பதினேழு நொடி

1

இந்தக் கதை ஒரு சம்மதப் படிவத்தில் பிறந்தது. "என் பேச்சைப் பதிவு செய்யவும், மாணவரின் பயிற்சிக்காக அவருடைய ஆசிரியர் அதைக் கேட்கவும் சம்மதிக்கிறேன்." கீழே ஒரு கையெழுத்து. அது யாருடையது என்று இப்போதே சொல்ல எனக்குத் தைரியமில்லை. போகப்போகப் பார்க்கலாம்.

முதல் தொடக்கம்: பல்கலைக்கழக உளவியல் துறையின் மூன்றாம் மாடியில், இரண்டு நாற்காலியும் ஒரு டிஷ்யூப் பெட்டியும் ஒரு சுவர்க் கடிகாரமும் மட்டுமே இருந்த அறையின் ஜன்னலில் மழை

வேண்டாம். மழையைக் கூப்பிட்டுவிட்டால் எழுதுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

2

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருடம் வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இணையம் வராதவர்களின் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அழைப்பில் ஐந்து நொடிக்கு மேல் பேச்சில்லாமல் போனால் மதிப்பெண் குறையும் என்பது அங்கே விதி. ஒரு நாள் பில்லைப் பற்றிக் கேட்க அழைத்தவர் திடீரென்று அழ ஆரம்பித்தார். அவள் நான்கு நொடி பொறுத்தாள். பிறகு, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டு அழைப்பை முடித்துவிட்டாள்.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு உளவியல் முதுகலையில் சேர்ந்தாள். வகுப்பில் பொடிசுகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஹலோ அக்கா'.

(அழுதவருக்கு என்ன கஷ்டம் என்று இரண்டு பக்கம் எழுதி அழித்துவிட்டேன். அவளுக்கே தெரியாதது நமக்கு மட்டும் எப்படித் தெரியும்?)

3

உளவள ஆலோசனைப் பயிற்சிக்கு மூன்று உரையாடல் பதிவுகள் தர வேண்டும். ஆலோசனைக்கு வந்தவர் பேசியதையும் தான் பேசியதையும் இருமல் செருமல் உட்பட, சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். அமைதியைக்கூட நொடிக்கணக்கோடு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மூன்றில் ஒன்றாவது தேறினால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் ஒரு வருடம் வீண்.

முதல் பதிவில் 'கவலைப்படாதீங்க' பதினொரு முறை வந்திருந்தது. கடைசி வரியில், பழக்கதோஷம், 'வேற ஏதாவது உதவி வேணுமா?' பேராசிரியை சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: வந்தவர் எப்போது பேசினார்?

இரண்டாவதில் வாயைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். ஆனாலும் பக்கம் முழுக்க (அமைதி – 4 நொடி), (அமைதி – 4 நொடி). பேராசிரியை அவளை அறைக்கு அழைத்து, மனிதர்களிடம் அக்கறை இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறீர்கள் என்றார்.

"அஞ்சாவது நொடில என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?"

மார்க் குறையும் என்பதுதான் பதில். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அழுகைதான் வந்தது.

வீட்டில் கணவனை வைத்துப் பழகிப் பார்த்தாள். அலுவலக லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை அவன் சொன்னான். அவள் 'ம்' என்றாள். பிறகு அவனையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஏழாவது நொடியில் அவன், "இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றான்.*

* நம் வீடுகளில் பேசாமல் இருந்தால் கோபம் என்றுதான் அர்த்தம். அதே நாம், கதை சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் 'ம்' கொட்டாவிட்டால் கதையையே நிறுத்திவிடுவோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் தேற வேண்டியிருந்தது.

4

மூன்றாவது பதிவுக்கு வந்தவரை முதலில் மனைவியை இழந்த வங்கி அதிகாரியாக எழுதினேன். ஒட்டவில்லை. பிறகு தேர்வு பயத்தில் தூக்கம் வராத ஒரு மாணவன். அவனும்

சரி, சொல்லிவிடுகிறேன். வந்தது நான்தான். அந்தக் கையெழுத்து என்னுடையது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யார் கூட இருந்தது என்று தொடங்கிய பேச்சில் எனக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. ஆறு வருடமாகப் பேச்சில்லை.

அப்படியானால் ஹெட்செட், கணவன், லிஃப்ட்? எல்லாம் என் கைச்சரக்கு. தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படிவத்தின் மேல் மூலையில் 'பதிவு 3 / 3' என்று இருந்தது. முடிந்து எழுந்தபோது வாய் தவறி, "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மீதியை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நான் கட்டினேன். என் ரகசியத்தைக் காக்க அவளுக்கு விதி இருக்கிறது. அவள் ரகசியத்தைக் காக்கச் சொல்லி என்னிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. பெயர் வைக்காததுதான் என்னால் முடிந்த மரியாதை.

5

பதிவில் இப்படித்தான் இருக்கும்:

வந்தவர்: தம்பிக்குப் போன் பண்ணலாம்னு நம்பரை எடுப்பேன். அப்புறம் வெச்சிடுவேன்.
மாணவி: ம்.
(அமைதி – 17 நொடி)

நான்காவது நொடியில் 'கவலைப்படாதீங்க' அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஐந்தில் பழைய மதிப்பெண் விதி ஞாபகம் வந்தது. ஒன்பதில், டிஷ்யூப் பெட்டியை நகர்த்தப் போன கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது நொடியில் எதுவும் ஆகவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கூரை இடிந்து விழவில்லை. எதிரே ஒரு ஆள் யோசித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பயம் போய்விட்டது, அவள் காத்திருந்தாள்.

(இதில் பதினேழு மட்டும் நிஜம். சுவர்க் கடிகாரம் அவள் தலைக்கு மேல் இருந்தது. ஆறு வருடத்தில் அத்தனை நேரம் எனக்காக யாரும் காத்திருந்ததில்லை.)

வந்தவர்: அவன் திட்டுவான்னு பயமில்ல. எடுத்துட்டு ஒண்ணுமே பேசாம இருந்துட்டா என்ன பண்றதுன்னுதான்.

அதுவரை அது எனக்கே தெரியாது.

6

முடிவு (அ): 'தேர்ச்சி' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை கழுத்தில் புது அடையாள அட்டையோடு மருத்துவமனைப் படியேறுகிறாள்.

முடிவு (ஆ): கடைசி வரியில் வாய் தவறியதற்காக இன்னொரு வருடம்.

துறைக்குப் போன் செய்து விசாரித்தேன். மாணவர் விவரம் சொல்ல முடியாது என்றார்கள். நியாயம்தான். அவள் தேறியிருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். ஆனால் சிவப்பு மை என் கையில் இல்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சி. நேற்று மத்தியானம் தம்பியை அழைத்தேன். எடுத்தான். "நான்தான்டா" என்றேன். அவன் பேசவில்லை. எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. நான்காவது நொடியில் வைத்துவிடத் தோன்றியது. வைக்கவில்லை. ஒன்பதில் அவன் மூச்சு கேட்டது. பன்னிரண்டைத் தாண்டி, மெதுவாக, "ம்" என்றான்.

இனி நீங்கள்தான் எழுத வேண்டும். அவள் தேறினாளா என்பதும் நீங்கள் போடப்போகும் எண்ணில்தான் இருக்கிறது. அவசரப்பட்டு நான்கோடு நிறுத்திவிடாதீர்கள்.

நான்: நான்தான்டா.
(அமைதி – 13 நொடி)
தம்பி: ம்.
(அமைதி – ____ நொடி)