சீரம் நிறுத்திய தட்டுகள்

செம்பூரிலிருந்த அவ்வாராய்ச்சிக் கூடத்தில் இரண்டு மாணவிகளுக்கும் சேர்த்து ஓரிடமே எஞ்சியிருந்தது. மாத இறுதியில் ஒருத்தி வெளியேற வேண்டும். தாராவியிலிருந்து வரும் ஸ்வீட்டியின் சோதனை மூன்றாம் முறையும் சரியாக வந்துவிட்டால், வெளியேறுபவள் மாதுங்கா மானசாதான் என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

சோதனை இதுதான். வளர்ப்புத் தட்டிலுள்ள தோல் செல்களுக்கு ஒருநாள் முழுவதும் சீரம் என்னும் இரத்தநீர் ஊட்டத்தைக் கொடாது நிறுத்தினால் அவை அடங்கிவிடும். பின்னர்ப் பாதித் தட்டுகளில் வளர்ச்சிக் காரணியைச் சில துளிகள் இட, அரைமணி நேரத்திற்குள் அதன் செய்தி உட்கருவை எட்டி, உறங்கிக் கிடந்த ஒரு மரபணு படியெடுக்கப்படத் தொடங்கும். மீதிப் பாதியில் அது உறங்கியே இருத்தல் வேண்டும்.

ஞாயிறுதோறும் எல்லோருடைய தட்டுகளுக்கும் சீரம் கலந்த புதுக் கரைசல் மாற்றுவது மானசாவின் வேலை. ஸ்வீட்டி அந்நேரம் ஆராதனையில் இருப்பாள். தொடக்கூடாத தட்டின் மூடியில் குறிப்பெழுதுவது வழக்கம். அந்தச் சனிக்கிழமை தன் தட்டுகளுக்குச் சீரத்தை நிறுத்திவிட்டு ஸ்வீட்டி அதனைத் தமிழில் எழுதினாள்.

"வீட்ல தமிழ்தான்னு பெரும பேசுதியே, வாசி பாப்போம்."

"அதெல்லாம் வரும். நீ போ," என்றாள் மானசா.

வராது. பிறரைக் கேட்க நாணி, அதனை ஸ்வீட்டியின் பெயரென்றே கொண்டு, மறுநாள் பத்து மணிக்கு எல்லாத் தட்டுகளுக்கும் கரைசலை மாற்றினாள். பிறகு ஏதோ உறுத்தவே கைப்பேசியை மூடியின்மேல் பிடித்தாள். அது படித்துச் சொல்லிற்று: பட்டினி. சீரத்திலேயே வளர்ச்சிக் காரணிகள் உண்டு. செல்கள் இந்நேரம் விழித்திருக்கும்.

பத்தரைக்கு ஸ்வீட்டி வந்தாள். சொல்லியிருந்தால் இரண்டு நாள் தாமதம், அவ்வளவே. அவள் காரணிக் குப்பியைத் திறந்து துளிகளை எண்ணி இட்டதைப் பக்கத்து மேசையிலிருந்து மானசா பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாயன்று பேராசிரியை விஜயலக்ஷ்மி வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார். எல்லாத் தட்டுகளிலும் மரபணு ஒரே அளவில் விழித்திருந்தது.

"பட்டினி கெடந்ததும் சாப்டதும் ஒரே மாதிரின்னா இருக்கு. இது சயின்ஸா, சமையலா?"

சீரத்தை நிறுத்தியதாக ஸ்வீட்டி சத்தியம் செய்தாள். பின் மானசாவின் பக்கம் திரும்பி, தட்டைத் தொட்டாயா என்று கேட்டாள்.

"எழுதியிருந்ததே, தொடுவேனா?" என்ற மானசா, பேராசிரியையிடம் திரும்பி, "சீரம் போகக் கழுவறச்சே சரியாக் கழுவலையோ என்னவோ, மேடம்," என்றாள்.

இடம் மானசாவுக்கு ஆயிற்று, சோதனையும் அவளுக்கே ஆயிற்று. எஞ்சிய பத்து நாளில் அதனைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி ஸ்வீட்டிக்கு உத்தரவாயிற்று. காரணி இடாத மானசாவின் தட்டுகளில் மரபணு ஒழுங்காக உறங்கிற்று. அதைக் கண்டதுமுதல் ஸ்வீட்டி தன் கையை நம்பாதவளானாள்.

கடைசி நாளன்று அவள் ஒரு தட்டை எடுத்துவந்தாள்.

"நான் எங்க தப்பு பண்ணுதேன்னு கொஞ்சம் பாரு, மானசா."

சீரத்தை உறிஞ்சி நீக்கி, உப்புக் கரைசலால் மூன்று முறை கழுவினாள். ஒரு சிறு பிழையும் இல்லை.

மானசா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"இன்னொரு தடவை கழுவு," என்றாள்.